உறைதலா, கட்டா?

எபோலா, கிரிமியன்-காங்கோ போன்ற, ரத்தம் கசியவைக்கும் வைரஸ் காய்ச்சல்களைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘ரத்தக்கட்டுச் சோதனை’ எதிரே வந்து நிற்கிறது. கடைசியாகப் படித்த மொழிபெயர்ப்பில், நோயாளிக்கு ரத்தக்கட்டு அதிகரித்தது, அதனால் ரத்தம் நிற்காமல் வெளியேறியது என்று இருந்தது. ரத்தம் அதிகமாகக் கட்டினால் நின்றுவிடாதா? எழுதியவருக்கும் இந்தச் சந்தேகம் வரவில்லை, பிழை திருத்தியவருக்கும் வரவில்லை.

மூலச்சொல் ஆங்கிலத்தின் கோயாகுலேஷன், அதாவது ரத்தம் திரள்வது. லத்தீனில் கோயாகுலும் என்றால் பாலைத் திரளச் செய்யும் பொருள். தமிழில் பாலுக்கு ஊற்றுவது உறை, அந்த மோர் உறைமோர். பால் உறைகிறது, ரத்தமும் உறைகிறது. இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியே ஒரே பால் பானைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்?

‘கட்டு’க்காரர்களிடம் ஒரு வாதம் உண்டு. உறைதல் என்றதும் பனிதான் நினைவுக்கு வரும், ரத்தம் குளிரில் விறைத்ததாக வாசகர் நினைத்துவிடுவார் என்பார்கள். காய்ச்சல் கட்டுரையில் யார் பனியை நினைப்பார்கள்? சரி, கட்டு என்ற சொல் மட்டும் குழப்பாதா? அடிபட்டுக் கன்றிய இடத்தைத்தான் ‘ரத்தம் கட்டியிருக்கு’ என்கிறோம். புண்ணைச் சுற்றிப் போடுவதும் கட்டு. சீழ் வைத்தால் கட்டி, புற்றுநோயிலும் கட்டி. ரத்தக்கட்டுச் சோதனை என்று கேட்பவர், கன்றிய காலை யாரோ அழுத்திப் பார்ப்பதாகத்தான் எண்ணிக்கொள்வார். அதைவிடப் பெரிய குறை, கட்டு முடிந்துபோன ஒன்றின் பெயர். இந்தச் சோதனைகள் பார்ப்பது நடந்துகொண்டிருக்கும் வினையை. உறையாமல் சிட்ரேட் கலந்து எடுத்த ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து, உறைதலைத் தூண்டும் பொருளும் கால்சியமும் சேர்த்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று எண்ணுகிறார்கள். இப்படி எண்ணும் சோதனைகளில் இரண்டு, புரோத்ராம்பின் நேரமும் ஏ.பி.டி.டி.யும்; இவை உறைதலை வேறுவேறு வழியில் தூண்டிப் பார்ப்பவை. முன்னது ஏறத்தாழ 12 விநாடி, பின்னது ஏறத்தாழ 30 விநாடி என்பது இயல்பு. ஆகவே உறைதல் சோதனை, உறையும் நேரம். உறைந்து உருவான பொருளை வேண்டுமானால் உறைகட்டி என்று சொல்லிக்கொள்ளட்டும், அங்கே எனக்குச் சண்டை இல்லை.

அந்த ‘அதிகரித்தது’ வந்த வழியும் இதுதான். கூடியது நேரம். நேரம் கூடினால் உறையும் திறன் குறைந்துவிட்டது என்று பொருள். ‘நேரம்’ என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர் விழுங்கிவிட்டால் சேதி தலைகீழாகிறது. உறையும் நேரம் நீண்டது என்று எழுதினால் இந்த விபத்தே இல்லை. இதைச் சொற்சிக்கனம் என்று ஒதுக்க முடியாது, ஏனென்றால் இங்கே உயிர் பிழைப்பதைக் கணிக்க உதவும் எண்களில் அதுவும் ஒன்று. கிரிமியன்-காங்கோ காய்ச்சலுக்குத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1989-இல் வகுத்த அளவுகோல்களில், நோயின் முதல் ஐந்து நாளில் ஏ.பி.டி.டி. 60 விநாடியோ அதற்கு மேலோ போனாலும், உறைதலுக்கு வேண்டிய புரதமான ஃபைப்ரினோஜன் 110 மில்லிகிராமோ அதற்குக் கீழோ இறங்கினாலும் (ஒரு டெசிலிட்டரில்), தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 20,000-ஐத் தாண்டாமல் கிடந்தாலும் மரண அபாயம் மிக அதிகம்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இந்தக் காய்ச்சல்களில் உறைதல் குறைவதற்கு ஒரு காரணமே கண்டபடி உறைவதுதான். எபோலா தொற்றிய வெள்ளணுக்கள் திசுக் காரணி என்ற தூண்டியை வெளிக்காட்ட, நுண்குழல்களில் சிறுசிறு உறைகட்டிகள் உண்டாகின்றன. உறைதற்புரதங்களும் தட்டணுக்களும் அங்கேயே செலவாகிவிடுகின்றன. அவற்றில் பலவற்றைச் செய்து தரும் ஈரலும் பழுதாகிக் கிடக்கிறது. கடைசியில் தேவையான இடத்தில் உறைய ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதைக் ‘கட்டு அதிகரிப்பு’ என்ற இரண்டு சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

காய்ச்சலின் பெயரையும் சொல்லிவிடுகிறேன். ரத்தப்போக்குக் காய்ச்சல் என்பதைவிட ரத்தக்கசிவுக் காய்ச்சல் மேல். ஆறாக ஓடும் நோயாளிகள் குறைவு. பலருக்குக் கண்ணுக்குத் தெரிய ரத்தமே வராது. எபோலாவின் பெயரிலிருந்து அந்த அடைமொழியையே இப்போது எடுத்துவிட்டு எபோலா வைரஸ் நோய் என்கிறார்கள். ‘ரத்தம்’ வடசொல், ‘குருதி’ என்றே எழுத வேண்டும் என்பவர்களிடம் நான் மல்லுக்கு நிற்கவில்லை. குருதி உறைதல் என்று எழுதுங்கள், மகிழ்ச்சி. குருதிக்கட்டு என்று மட்டும் எழுதாதீர்கள்.

டி-டைமரை என்ன செய்வது என்று கேட்பார்கள். உறைகட்டி கரையும்போது உதிரும் ஃபைப்ரின் துண்டு அது; உறைகட்டியை வலையாகப் பின்னும் புரதம்தான் ஃபைப்ரின். 2000-இல் உகாண்டாவின் குலுவில் பரவிய சூடான் வகை எபோலாவில், பிழைத்தவர்களைவிட இறந்தவர்களிடம் அது மிக உயர்ந்திருந்தது. வேதியியலில் டைமருக்கு ‘இருபடி’ என்ற சொல் உண்டு; ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு இருபடிச் சமன்பாடுதான் கண்ணில் வருகிறது. சோதனைத் தாளில் அச்சாகி வருவது டி-டைமர். அப்படியே இருக்கட்டும்.