வெளிநாட்டிலிருந்து கார்ச் சாமான் எடுப்பிக்கிறீர்களா? காசு கட்டுமுன் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்

"அண்ணை, கொழும்புப் பஞ்சிகாவத்தைச் சாமான் கடையில சொல்லுற விலையில பாதிக்கு இன்டர்நெட்டில கிடக்கு. நானே எடுப்பிச்சா என்ன?"

திருகோணமலையில் உதிரிப்பாகக் கடையில் நிற்கும் எனக்கு இந்தக் கேள்வி வாரத்தில் நாலு தரமாவது வரும். எடுப்பிக்கலாம். புதிய பாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இறக்குமதி உரிமம் தேவையில்லை. கடைக்காரர்தான் கொண்டுவர வேண்டும் என்று சட்டமும் இல்லை. ஆனால் திரையில் தெரிவது பொருளின் விலை மட்டும். அது கொழும்பில் இறங்கி, ஹபரணை தாண்டி, உங்கள் கராஜ் வாசலுக்கு வரும்போது என்ன விலையாகும், வந்தது உங்கள் காருக்குப் பொருந்துமா என்பதை இரண்டு இலக்கங்கள்தான் சொல்லும். ஒன்று காரின் சேஸ் நம்பர், அதாவது அந்த ஒரு காருக்கே உரிய அடையாள இலக்கம். மற்றது அந்தப் பாகத்துக்குச் சுங்கம் வைத்திருக்கும் குறியீட்டு இலக்கம். முதலாவதைப் பிழைவிட்டால் சாமான் வீண். இரண்டாவதைப் பிழைவிட்டால் காசு வீண், சில நேரம் சாமானும் சேர்ந்து போகும்.

ஏன் இவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்க இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓடினோம். இப்போதும் புதுக் காரின் வரியைக் கேட்டுவிட்டுப் பழையதையே பார்த்துக்கொள்பவர்கள்தான் கூட. அதிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் நிற்கும் வாகனம் என்றால் சைலன்சர், லோவர் ஆர்ம் எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுவிடும்.

சேஸ் நம்பர்

இங்கே ஓடும் அக்சியோ, அக்வா, வேகன் ஆர், ஃபிட் எல்லாம் பெரும்பாலும் ஜப்பானில் அந்த நாட்டுப் பாவனைக்கென்று செய்து, பிறகு இங்கே வந்தவை. அவற்றுக்கு 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சர்வதேச இலக்கம் கிடையாது. ஹைபிரிட் அக்சியோ என்றால் என்.கே.ஈ. 165 என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு, பின்னால் ஏழு இலக்கம் இருக்கும். அக்வாவுக்கு என்.எச்.பி. 10, வேகன் ஆருக்கு எம்.எச். 34 எஸ், 44 எஸ், 55 எஸ் என்று ஆண்டுக்கு ஆண்டு மாறும். டுபாயிலோ சீனாவிலோ உள்ள விற்பனையாளர் 17 இலக்கம் கேட்பார். "ஜப்பான் மொடல், சேஸ் நம்பர் இதுதான்" என்று முழுவதையும் அனுப்புங்கள். ஆண்டையும் மொடலையும் மட்டும் சொன்னால் அவர் தன் நாட்டுக் காருக்கு உள்ளதை அனுப்பிவிடுவார். இந்த இலக்கம் உங்கள் பதிவுச் சான்றிதழிலேயே இருக்கிறது.

சேஸ் நம்பரிலிருந்து பாக இலக்கத்தை எடுக்க வேண்டும். டொயோட்டாவில் அது ஐந்தும் ஐந்துமாகப் பத்து. முதல் ஐந்து என்ன சாமான் என்பதைச் சொல்லும். 04465 முன் பிரேக் பேட், 04466 பின் பேட், 48510 முன் வலது ஷொக் அப்சோர்பர், 48520 முன் இடது ஷொக். அடுத்த ஐந்துதான் எந்தக் காருக்கு என்பது. இரண்டு ஷொக் என்று ஓடர் போட்டு இரண்டும் வலதாக வந்த கதை கின்னியாவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் நானா ஒருவருடையது. "தம்பி, ரெண்டு கையும் வலது கையா இருந்தா எப்படிச் சாப்பிடுறது?" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

என்னுடைய பாடம் ஹெட்லைட். வலப்பக்கம் ஓடும் நாட்டிலிருந்து ஒரு சோடி எடுப்பித்தேன். விலை நல்லது, பொருளும் புதுசு, அச்சாகப் பொருந்தியது. இரவில் கந்தளாய் ரோட்டில் ஏறியபோதுதான் தெரிந்தது. லோ பீம் போட்டாலும் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்குள் போகிறது. என் பக்கத்து ரோட்டோரம் இருட்டு. யானை நிற்கும் ரோட்டில் அது விளையாட்டான விஷயமில்லை. வலப்பக்கம் ஓடும் நாடுகளுக்கான விளக்கில் ஒளி வலது ஓரத்துக்கு உயரும்படி வெட்டப்பட்டிருக்கும், நமக்கு வேண்டியது அதற்கு மறுபக்கம். ஐரோப்பிய முத்திரை குத்திய விளக்கு என்றால், இடப்பக்கம் ஓடும் நாடுகளுக்கானதில் ஒரு அம்புக்குறி இருக்கும். விளக்கை நேரே பார்க்கும்போது அது வலப்பக்கம் காட்டும். அந்தக் குறியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அனுப்புவார்கள்.

சுங்கக் குறியீடு

இனித்தான் அரசாங்கத்தின் பக்கம். உலகம் முழுக்கப் பொருட்களுக்கு எச்.எஸ். குறியீடு என்று ஒன்று உண்டு. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்று, நம் நாட்டில் எட்டு இலக்கம் வரை போகும். எந்த வரி, எவ்வளவு, உரிமம் வேண்டுமா என்பதெல்லாம் அந்த எட்டு இலக்கத்துக்கு எதிரேதான் எழுதியிருக்கும்.

கார்ச் சாமான் எல்லாம் ஒரே குறியீடு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 87ஆம் அத்தியாயத்தில் 8708 என்று வாகனப் பாகங்களுக்கு ஒரு தலைப்பு இருப்பது உண்மை. பம்பர் 8708.10, பிரேக் 8708.30, ஷொக் உள்ள சஸ்பென்ஷன் சாமான்கள் 8708.80, ரேடியேட்டர் 8708.91, கிளச் 8708.93. ஆனால் காரில் பூட்டுவதெல்லாம் அங்கே போகாது. ஒயில் ஃபில்டர் 8421.23, எயர் ஃபில்டர் 8421.31, ஸ்பார்க் பிளக் 8511.10, ஸ்டார்ட்டர் மோட்டார் 8511.40, ஹெட்லைட் 8512.20, பக்கக் கண்ணாடி 7009.10, பெயரிங் 8482, டயர் 4011. பிரேக் பேட்டிலேயே ஒரு நுணுக்கம்: இரும்புத் தட்டில் ஒட்டி வந்தால் 8708.30, ஒட்டாத வெறும் லைனிங் என்றால் 6813. ஹைபிரிட் பெட்டரியும் அப்படித்தான். அக்வாவில் உள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை 8507.50, ஃபிட் ஜி.பி. 5இல் உள்ள லித்தியம் வகை 8507.60.

ஆகவே பத்துச் சாமானை ஒரே பெட்டியில் போட்டு, பில்லில் "வாகன உதிரிப்பாகங்கள், 10" என்று ஒரே வரியாக எழுதி அனுப்பும் விற்பனையாளர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. ஒவ்வொரு சாமானும் பெயர், பாக இலக்கம், எண்ணிக்கை, விலையோடு தனித்தனி வரியாக வேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள். சுங்கத்தின் இணையத்தளத்தில் வரி அட்டவணை அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. போனிலேயே பார்க்கலாம்.

வரி எப்படி ஏறுகிறது

எல்லாக் கணக்கும் சி.ஐ.எஃப். பெறுமதியில் தொடங்குகிறது. பொருள் விலை, கப்பல் அல்லது விமானக் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்ததுதான் அது. டொலரை ரூபாயாக்குவது சுங்கம் வெளியிடும் மாற்று வீதத்தில், வங்கி உங்களிடம் எடுத்த வீதத்தில் அல்ல. அதன்மேல் குறியீட்டைப் பொறுத்து இறக்குமதித் தீர்வை, செஸ் வரி, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி ஆகியவை வரும். இவை வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒரு தரம் மாறுபவை, எனவே எட்டு இலக்கக் குறியீட்டை வைத்து அன்றன்றைக்குப் பாருங்கள். சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5%, 2022 ஒக்டோபர் 1 முதல். வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 18%, 2024 ஜனவரி 1 முதல்.

இந்த 18% இல்தான் பலருக்குக் கணக்குப் பிழைக்கிறது. வற் வெறும் சி.ஐ.எஃப். மேல் போடப்படுவதில்லை. சி.ஐ.எஃப். பெறுமதியோடு அதில் 10% ஐக் கூட்டி, தீர்வை, செஸ், துறைமுக வரி எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகைமேல் போடுவார்கள். சும்மா ஒரு உதாரணம். பொருள் 70,000, கூலியும் காப்புறுதியும் 30,000, ஆக 100,000 ரூபாய். 10% சேர்த்தால் 110,000. மற்ற மூன்று வரியும் சேர்ந்து 30,000 என்று வைத்துக்கொள்வோம். 140,000 ஆகிவிட்டது. வற் மட்டும் 25,200 ரூபாய். அந்த 10% வற் கணக்குக்கு மட்டும்தான், அதை நீங்கள் கட்டுவதில்லை. 70,000 ரூபாய்ச் சாமான் என்று மனதில் கணக்குப் போட்டவர் இங்கேயே 155,200இல் நிற்கிறார். உதவுதொகை வரி, சுங்கத்திலிருந்து பொருளை விடுவிக்கும் கிளியரிங் செலவு, லொறிக் கூலி இன்னும் வரவில்லை.

இதைப் பார்த்துவிட்டு "பில்லைக் குறைத்துப் போடச் சொல்லுங்கோ" என்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். சுங்கக் கட்டளைச் சட்டத்தின் ஈ அட்டவணைப்படி, காட்டிய விலையில் சந்தேகம் வந்தால் அதிகாரிகள் அதே பொருள் அல்லது ஒத்த பொருள் முன்பு என்ன விலைக்கு வந்தது என்று பார்த்துப் பெறுமதி போடலாம். சுங்கத்துக்குக் கொடுத்த பிரகடனத்தோடு ஒத்துவராத பொருளைப் பறிமுதல் செய்ய அதே சட்டத்தின் 47ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. "அன்பளிப்பு" என்று எழுதினாலும் பெட்டிக்குள் இருப்பது நான்கு ஷொக்தான்.

வரி குறையும் வழி ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. இந்தியாவோடு உள்ள சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று காட்டும், அந்த உடன்படிக்கைக்கான மூலச் சான்றிதழ் பொருளோடு வந்தால், சலுகைக்குள் அடங்கும் குறியீடுகளுக்குத் தீர்வை குறையும். முச்சக்கர வண்டிக்கும் இந்திய ஓல்டோவுக்கும் சாமான் எடுப்பவர்கள் பில் அடிக்கும்போதே இதைக் கேட்டு வாங்க வேண்டும். பெட்டி கொழும்புக்கு வந்தபிறகு கேட்டால் விற்பனையாளர் போனே எடுக்கமாட்டார்.

பழைய சாமான், ரேடியோ, எயார் பேக்

பாவித்த எஞ்சின், வெட்டிய கார் பொடி என்று ஜப்பானில் மலிவாகக் கிடக்கிறது. இங்கே 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே வரும். அந்தச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் குறித்த பொருட்களுக்கு இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் உரிமம் வேண்டும். பாவித்த சாமான் என்றால், குறியீட்டைச் சொல்லித் திணைக்களத்தில் கேட்டு, உரிமம் கையில் வந்தபிறகே காசு அனுப்புங்கள். பொருள் கப்பலில் ஏறியபின் உரிமத்துக்கு ஓடுவது பெரிய தலையிடி.

புளூடூத், வைஃபை உள்ள, காரில் பூட்டும் அண்ட்ரொய்ட் செட் போன்ற ரேடியோ அலை அனுப்பும் சாதனங்களுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி கேட்கப்படலாம். எயார் பேக், லித்தியம் பெட்டரி இரண்டும் விமானத்தில் ஆபத்தான பொருட்கள் என்ற வகை. சாதாரணப் பொதியாகப் போடக்கூடாது. கட்டாரிலிருந்தோ சவுதியிலிருந்தோ லீவில் வரும் மச்சானிடம் சூட்கேஸில் கொண்டுவரச் சொல்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஒரு சோடி பிரேக் பேட் வேறு, கடையில் வைத்து விற்கும் அளவு வேறு. வியாபார அளவில் கொண்டுவந்தால் அது பயணப் பொதி ஆகாது, விமான நிலையச் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லத்தான் வேண்டும். மச்சானின் லீவு சுங்கத்திலேயே தொடங்கக்கூடாது.

கடதாசி வேலையும் வழியும்

தொடர்ந்து எடுப்பிப்பதென்றால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் டின் இலக்கம், அதாவது வரி செலுத்துவோர் அடையாள இலக்கம், வேண்டும். அதை வைத்துத்தான் சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிய முடியும். கடைப் பெயரில் செய்பவர்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். டின் விண்ணப்பத்தை இணையத்திலேயே செய்யலாம். முற்பணமாக வங்கி மூலம் காசு அனுப்பினால், பொருள் வந்ததைக் காட்டச் சுங்கப் பிரகடனத்தை வங்கி பிறகு கேட்கும், பிரதியைத் தொலைத்துவிடாதீர்கள். பிரகடனம் போடுவதைக் கிளியரிங் ஏஜன்டிடம் விடுவதுதான் வழக்கம். பில், பொதிப் பட்டியல், கப்பல் அல்லது விமானப் பத்திரம் ஆகியவற்றை அவரிடம் பொருள் வருமுன்பே கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும்.

வாசலிலேயே இவ்வளவு பெரிய இயற்கைத் துறைமுகம் இருக்க ஏன் கொழும்புக்குப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். நம் துறைமுகத்தில் வேலை நடப்பது கோதுமை, சீமெந்து மூலப்பொருள், எண்ணெய் போன்ற மொத்தச் சரக்குக்கு. பெட்டிச் சாமான் கொழும்புத் துறைமுகத்திலோ கட்டுநாயக்காவிலோதான் இறங்கும்.

கூரியரா கப்பலா என்பதைச் சாமானின் பருமன் பார்த்து முடிவு செய்யுங்கள். பிளக், சென்சர், பேட் என்றால் கூரியர் சரி, அவர்களே கிளியரும் செய்வார்கள். பம்பர் என்றால் கதை மாறும். 180 செ.மீ. நீளம், 50 அகலம், 40 உயரமான பெட்டியை எடுங்கள். கூரியர் இம்மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுக்கும். 72 கிலோ. தூக்கிப் பார்த்தால் ஐந்தாறு கிலோ இருக்காது, ஆனால் கூலி 72க்குத்தான். கப்பலில் மற்றவர்களின் சாமானோடு சேர்த்துப் போட்டால் அது 0.36 கன மீட்டர்தான், ஆனால் பல முகவர்கள் ஆகக் குறைந்தது ஒரு கன மீட்டருக்குக் காசு எடுப்பார்கள். அப்புறம், கொழும்பில் பொருளை விடுவிக்கக் கட்டும் தொகை சில நேரம் கடல் கூலியையே மிஞ்சிவிடும். அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் கடையில் பம்பர் வேண்டியவர்களுக்கு இரண்டு மூன்று பேரை ஒன்றுசேர்த்து ஒரே பொதியாக எடுப்பிக்கிறோம்.

கொழும்பிலிருந்து இங்கே ஏறத்தாழ 260 கிலோமீட்டர். லொறி டிப்போவில் பெட்டியை எடுக்கும்போது கையெழுத்து வைக்கும் முன் அங்கேயே வெட்டிப் பாருங்கள். பம்பரின் கிளிப் உடைந்ததா, ஷொக் ஒன்று வலது ஒன்று இடதா என்று பார்த்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். "வீட்ட போய்ப் பாருங்கோ அண்ணை" என்று டிப்போப் பொடியன் அவசரப்படுத்துவான். கையில் ஒரு கத்தியோடு போங்கள்.