ஹான்டட்: சொல் விளக்கம்

ஹான்டட் ஹாஸ்டல், ஹான்டட் லேப், மூன்றாம் மாடியில் பூட்டியே கிடக்கும் ஹான்டட் ரூம். பல்கலைக்கழக வளாகத்தில் பேய்க்கதை பேசினால் இந்தச் சொல் வராமல் இராது. இது ஆங்கிலப் பெயரடை, பெரும்பாலும் ஓர் இடத்தின் பெயருக்கு முன்னால் நிற்கும். 'இங்கே ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வந்துபோகிறது' என்பது பொருள். ஒரே ஒரு முறை ஓர் உருவம் தெரிந்ததென்றால் அந்த இடம் ஹான்டட் ஆகிவிடாது. அதே மாடிப்படி, அதே நேரம், ஆண்டுக்கொரு புதிய சாட்சி என்று தொடர வேண்டும்.

திரும்ப வருதல் என்ற கருத்து சொல்லின் வேரிலேயே இருக்கிறது. 'ஹான்ட்' என்ற வினை பழைய பிரெஞ்சிலிருந்து 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதில் பேய் இல்லை. ஒன்றை வழக்கமாகச் செய்தல், ஓர் இடத்துக்கு வாடிக்கையாகப் போய்வருதல், இவ்வளவே. பிரெஞ்சுச் சொல்லுக்குப் பின்னால் பழைய நோர்ஸ் மொழியின் 'ஹெய்ம்டா', அதாவது வீட்டுக்குக் கொண்டுவருதல், இருக்கக்கூடும் என்று சொற்பிறப்பியலார் கருதுகிறார்கள். அதன் அடிச்சொல்லுக்கு வீடு என்று பொருள். ஆவி ஓர் இடத்தை விடாமல் சுற்றுவதைக் குறிக்க 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் இந்த வினை ஆளப்பட்டது.

தமிழில் எழுதும்போது அடிக்கடி காணும் பிழை 'பேய் பிடித்த விடுதி'. பேய் பிடிப்பது ஆளை. இடத்தில் அது நடமாடும், உலவும், குடியிருக்கும். இந்த வேறுபாட்டைத் தமிழ் வினைகளே தெளிவாகப் பிரித்து வைத்திருக்கின்றன: ஆளைப் பிடிக்கும், அடிக்கும், ஆளின் மேல் இறங்கும், கட்டடத்தில் உலாத்தும். ஆகவே ஹான்டட் ஹாஸ்டலுக்கு நேர்ச்சொல் 'பேய் நடமாடும் விடுதி'. நிகழ்வைப் பெயராகச் சொல்ல வேண்டுமானால் 'பேய் நடமாட்டம்'. நடமாட்டம் என்பதற்குள் மீண்டும் மீண்டும் வருதலும் ஓர் இடத்தைச் சார்ந்திருத்தலும் இரண்டுமே இருப்பதால் இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேட வேண்டியதில்லை.

'அமானுஷ்ய விடுதி' என்பதும் வழக்கில் உண்டு. அமானுஷ்யம் வடசொல், மனிதத் தன்மைக்கு அப்பாற்பட்டது என்பது பொருள். தொலைவில் இருப்பவர் மனத்தை அறிவது, கையால் தொடாமல் பொருளை நகர்த்துவது எல்லாமே அதில் அடங்கிவிடும். இடத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 'மர்ம விடுதி' இன்னும் தளர்வானது. துப்புத் துலங்காத திருட்டு நடந்த விடுதியும் மர்ம விடுதிதான்.

பழந்தமிழில் இதற்கு ஒரு பெயரடை இருந்தது: 'அணங்குடை'. அச்சம் தரும் ஆற்றல் உறையும் இடத்தைக் குறிக்கவும் அது வரும். புறநானூற்றின் 247ஆம் பாட்டில் 'அணங்குடை முன்றில்' என்றே இருக்கிறது; முன்றில் என்பது முற்றம். குறுந்தொகை 105 'சூர்மலை' என்கிறது; சூர் என்னும் அச்சந்தரும் தெய்வம் உறைவதால் அஞ்சத்தக்க மலை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லி, விலங்கு, கள்வர், இறை (அரசர் போன்ற தலைவர்) ஆகியவற்றுக்கு முன்னால் அணங்கைத்தான் வைக்கிறது. அழகான சொல்லாட்சி, மீண்டும் வழக்குக்கு வந்தால் மகிழ்ச்சி. ஆனால் இன்று அணங்கு என்றதும் அழகிய பெண் என்ற பொருளே முந்திக்கொள்கிறது. 'அணங்குடை விடுதி' என்று எழுதினால் படிப்பவர் மகளிர் விடுதி என்று நினைத்துவிடுவார். அன்றாட எழுத்துக்கு 'பேய் நடமாடும்' போதும்.

இனி, சொல்லப்படும் பேய் நடமாட்டம் என்பதை எப்படி எழுதுவது? இதற்குத் தமிழில் ஓரெழுத்துக் கருவியே இருக்கிறது என்று சொல்லுமளவுக்குச் சிறிய இடைச்சொல் உண்டு: 'ஆம்'. வருமாம், கேட்குமாம், யாரோ நிற்பாங்களாம். பேசுபவர் தாம் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறார் என்பதை அது காட்டிவிடுகிறது. வளாகக் கதைகள் பெரும்பாலும் 'எங்க சீனியரோட ரூம்மேட்டுக்கு நடந்துச்சாம்' என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் தொகுக்கும்போது அந்த 'ஆம்' என்பதை வெட்டிவிட்டு 'நடந்தது' என்று எழுதினால் கேள்விப்பட்ட செய்தி கண்ட சாட்சியமாக மாறிவிடும். ஒரு கதை பல கை மாறும்போது கெடுவது பெரும்பாலும் இங்கேதான். எனவே குறிப்பெடுப்பவர் முதலில் யார் வாய்மொழி, நேரில் கண்டவரா, எத்தனை கை தள்ளி என்று எழுத வேண்டும். பிறகு நாள், மணி, விளக்கு எரிந்ததா, படுத்திருந்தாரா நின்றாரா, அந்த இடத்துக் கதையை அவர் முன்பே கேட்டிருந்தாரா. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் மற்ற விடைகளுக்கு மதிப்புக் குறைவு.

படுத்திருந்தாரா என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. விடுதி அறைக் கதைகளில் ஒரு பெரும்பகுதி 'அமுக்குவான்' கதை: விழிப்பு வருகிறது, கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், கத்த முடியவில்லை. மருத்துவம் இதைத் தூக்க முடக்கம் என்கிறது. கனவு காணும் உறக்கநிலையில் தசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும். அந்தத் தளர்ச்சி நீங்குவதற்கு முன் விழிப்பு வந்துவிட்டால் கனவின் உருவங்கள் கண் திறந்த நிலையிலும் தொடரும். சில நொடிகளில் அல்லது சில நிமிடங்களில் விலகும். மல்லாந்து படுப்பதும், உறக்கம் கெடுவதும், நேரம் தப்பித் தூங்குவதும் இதைக் கூட்டும். 35 ஆய்வுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டுக் கணக்கில், வாழ்நாளில் ஒருமுறையேனும் இதை உணர்ந்தவர்கள் பொதுமக்களில் 7.6 விழுக்காடு, மாணவர்களில் 28.3 விழுக்காடு. தேர்வுக்காலத்தில் இரவெல்லாம் விழித்திருக்கும் விடுதியில் இந்தக் கதை வற்றாததில் வியப்பில்லை. சொல்லைப் பொறுத்தவரை, அமுக்குவான் ஆளைச் சேர்ந்தது. ஒரே அறையில் தங்கியவர்கள் அடுத்தடுத்துச் சொன்னால்தான் அது அந்த அறையின் நடமாட்டமாகப் பேர் பெறுகிறது.

சத்தங்களுக்கு விளக்கம் எளிது. ஓடும் தண்ணீரை வால்வு சட்டென்று அடைத்தால் குழாய் முழுதும் 'டொம் டொம்' என்று அதிரும். பகலில் வெயிலில் விரிந்த தகரமும் இரும்பும் இரவில் சுருங்கும்போது சொடுக்கும். ஆளில்லாமல் நகரும் லிஃப்ட், ஓய்வு நேரத்தில் குறிப்பிட்ட தளத்துக்குத் திரும்பும்படி அமைக்கப்பட்டதாக இருக்கலாம்.

உருவம் தெரிவது பற்றி நெடுநாளாகப் பேசப்படும் விளக்கம் தாழ் ஒலி. கோவென்ட்ரி பல்கலைக்கழகத்தின் விக் டாண்டி 1998இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு மூலம். ஏறத்தாழ 30 அடி நீள ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்குக் காரணமில்லாத கலக்கம் ஏற்பட்டது. கண்ணோரத்தில் சாம்பல் உருவம் தெரிந்தது. இடுக்கியில் பொருத்திய வாள்விளையாட்டுக் கத்தி தானாக அதிர்ந்தபோது குட்டு வெளிப்பட்டது. புதிதாக மாட்டிய காற்று வெளியேற்றும் விசிறி சுமார் 19 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 19 முறை, அதிர்வை எழுப்பி, அறையின் நீளத்தில் அது நகராமல் நின்று அதிரும் நிலை அலையாக இருந்திருக்கிறது. காதுக்குக் கேட்கும் எல்லைக்குச் சற்றுக் கீழான ஒலி அது. விசிறியைச் சரிசெய்ததும் தொல்லை நின்றது.

இதை எல்லா வளாகங்களுக்கும் பொருத்துவது தவறு. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் தனியாக ஓர் அறை கட்டி 79 பேரை 50 நிமிடம் உலவவிட்டார்கள். தாழ் ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 2009இல் வந்த முடிவின்படி பலர் விநோத உணர்வுகளைச் சொன்னார்கள். ஆனால் கருவி ஓடியதற்கும் அந்த உணர்வுகளுக்கும் தொடர்பு தெரியவில்லை. 'இங்கே ஏதாவது தோன்றலாம்' என்று முன்கூட்டிச் சொன்னதே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். கதையை முன்பே கேட்டிருந்தாரா என்ற கேள்வியை விடக்கூடாது என்றதற்கு இதுவே அடிப்படை.

ஒரு குறிப்பு பயன்பாட்டைப் பற்றி. இசைக்கு முன்னால் வரும் 'ஹான்டிங்' வேறு. அங்கே பேயைக் கொண்டுவராமல் 'மனத்தை விட்டகலாத' என்று எழுத வேண்டும். பேச்சில் சுருக்கமாக வேண்டுமென்றால் 'பேய் பங்களா' போல 'பேய் ஹாஸ்டல்' என்று சொல்லலாம். செய்தியிலும் கட்டுரையிலும் 'பேய் நடமாட்டம் இருப்பதாகச் சொல்லப்படும் விடுதி' என்று முழுதாக எழுதுவது சரி.