ஏடிபி தீர்ந்தால் இதயச் செல்லுக்குள் என்ன நடக்கிறது?

ஓய்விலிருக்கும் இதயத் தசைச் செல்லுக்கு வெளியே சோடியம் 140 மில்லிமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு), உள்ளே 10-ஐ ஒட்டி. பொட்டாசியத்தின் கணக்கு நேர்மாறு: உள்ளே சுமார் 140, வெளியே 4 அல்லது 5. கால்சியத்தில்தான் ஏற்றத்தாழ்வு மலைக்க வைக்கும். வெளியே 1 மில்லிமோலாருக்குச் சற்று மேல், உள்ளே அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்த மேடு பள்ளம் தானாக நிலைப்பதில்லை. சவ்வு எப்போதும் கொஞ்சம் கசியும், ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாகக் கசியும். கசிந்ததை இறைத்துத் தள்ளும் பம்புகளுக்கு, செல்லின் எரிபொருள் மூலக்கூறான ஏடிபி வேண்டும்.

அந்த ஏடிபியை இதயம் சேமித்து வைப்பதில்லை. கையிருப்பு சில நொடித் துடிப்புக்குத்தான் வரும். பெரும்பங்கை, செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் கொண்டு உடனுக்குடன் செய்து தருகிறது. செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சுருங்குவதற்கு, மீதியில் பெரும்பகுதி அயனிப் பம்புகளுக்கு.

வரத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்க, தனியாகப் பிரித்தெடுத்த இதயச் செல்களில், மைட்டோகாண்ட்ரியா, ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்து ஏடிபி தரும் கிளைகாலிசிஸ் என இரண்டு வழிகளையும் ஒருசேர அடைப்பார்கள். சயனைடு, மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸைப் பிடித்துக்கொள்ளும். குளுக்கோஸுக்குப் பதிலாக அதைப் போலவே இருக்கும் 2-டிஆக்ஸிகுளுக்கோஸ் கொடுத்தால் கிளைகாலிசிஸ் முடங்கும். சயனைடை மட்டும் கொடுத்தால் போதாது. கிளைகாலிசிஸ் கைகொடுத்து, பம்புகள் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும், கால்சியமும் பெரிதாக ஏறாது. அதை விட்டுவிட்டு எஃப்சிசிபி போன்ற மருந்தால் மைட்டோகாண்ட்ரியச் சவ்வின் மின்னழுத்தத்தைக் கலைத்தாலோ வேறு சிக்கல். ஏடிபி செய்ய வேண்டிய நொதி தலைகீழாகச் சுழன்று, இருக்கும் ஏடிபியையும் தின்றுவிடும். அந்த நொதியை அடைக்கும் ஒலிகோமைசின் சேர்த்தால்தான் அது நிற்கும். இன்னொரு தொல்லை: நடுநிலையான பிஎச்-சில் சயனைடு பெரும்பாலும் வாயுவாகப் பறக்கக்கூடிய வடிவில் இருக்கிறது. காலையில் கலந்த கரைசல் மாலைக்குள் வீரியம் குறைந்து, இரண்டு நாள் முடிவுகள் ஒத்துப்போகாமல் போவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

இரண்டு வழிகளும் அடைபட்டதும் முதலில் குறைவது ஏடிபி அல்ல, அதற்கு அவசர இருப்பாக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட். அது உடைந்து ஏடிபியை ஈடுகட்டும்போது பாஸ்பேட் குவிகிறது. அந்தப் பாஸ்பேட்டே தசை இழைகளின் பிடியைத் தளர்த்துவதால், ஏடிபி அளவு சரியாக இருக்கும்போதே துடிப்பு வலுவிழக்கிறது.

ஏடிபி இறங்கத் தொடங்கியதும், அதுவரை மூடிக்கிடந்த பொட்டாசியக் கால்வாய்கள் திறக்கின்றன. ஏடிபி உள்ளவரை மூடியிருக்கும் இவற்றை அகினோரி நோமா 1983-ல் கண்டறிந்தார். செல்லில் இவை ஆயிரக்கணக்கில் உண்டு, நூற்றில் ஒன்று திறந்தாலே செயல் மின்னழுத்தம், அதாவது ஒவ்வொரு துடிப்பையும் தூண்டும் மின்துடிப்பு, நேரத்தில் வெகுவாகச் சுருங்கும். கால்சியம் நுழைய நேரமில்லாமல் துடிப்பு நின்றுபோகும். செல்லுக்கு இது சிக்கனம், முழு இதயத்துக்கு ஆபத்து. ரத்தம் ஓடாத பகுதியில், வெளியே வந்த பொட்டாசியம் அங்கேயே தேங்கி, பத்து நிமிடங்களில் 10 மில்லிமோலாரைத் தாண்டும். துடிப்பு தாறுமாறாவது இதனால்தான். பாத்திரத்தில் கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும் சோதனையில் பொட்டாசியம் அடித்துச் செல்லப்படும், எனவே அதில் இந்த விளைவைத் தேடக் கூடாது.

அடுத்தது சோடியம். என் பார்வையில் கதையின் மையம் இதுதான். சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஓர் ஏடிபிக்கு 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். இதைக் கண்டறிந்த யென்ஸ் ஸ்கோவுக்கு 1997-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பம்ப் தளரும் நேரத்திலேயே செல்லில் அமிலமும் சேர்கிறது. அமிலத்தை வெளியேற்றும் பரிமாற்றி, ஒரு புரோட்டானுக்கு (அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி) ஒரு சோடியத்தை உள்ளே விடுகிறது. வெளியேற்றம் குறைவு, வரத்து அதிகம். சோடியம் ஏறினால், 3 சோடியத்துக்கு 1 கால்சியம் என மாற்றும் இன்னொரு பரிமாற்றி கால்சியத்தை வெளியே தள்ளத் திணறி, கடைசியில் திசைமாறி உள்ளேயே இழுக்கும். டிகாக்சின் மருந்தின் சூட்சுமமும் இதே சங்கிலிதான். பம்பைச் சிறிதளவு அடைத்து, சோடியத்தைக் கொஞ்சம் ஏற்றி, துடிப்புக்கு வலுவூட்டுகிறது. அளவு மிஞ்சினால் அதே வழியில் துடிப்பு தடுமாறும்.

மைக்ரோஸ்கோப்பில் இதைப் பார்க்கலாம். சுமார் 100 மைக்ரோமீட்டர் நீளக் கோல்போல இருக்கும் செல், துடிப்பு நின்ற பிறகு சில நிமிடம் அசையாமல் கிடக்கும். பிறகு திடீரென்று, ஒரு நிமிடத்துக்குள், குட்டையாகி விறைக்கும். பக்கத்துச் செல் இன்னும் நீளமாகவே இருக்கும். அதனிடம் கிளைகோஜன் (சேமித்து வைத்த குளுக்கோஸ்) மிச்சம் இருக்கக்கூடும். இந்த விறைப்புக்குக் கால்சியம் காரணமல்ல. தசை இழைப் புரதமான மயோசின், தான் பற்றி இழுக்கும் இன்னொரு புரதமான ஆக்டினை விட்டு விலக ஏடிபி வேண்டும், அது இல்லாததால் பிடித்தபிடி நிற்கிறது. பிணம் விறைப்பதும் இப்படித்தான். கால்சியம் பெரிதாக ஏறத் தொடங்குவது பெரும்பாலும் விறைப்புக்குப் பிறகுதான்.

விஷத்தைக் கழுவி குளுக்கோஸ் கொடுத்ததும் செல் பிழைக்கும் என்று தோன்றும். சீக்கிரமே கழுவினால் பிழைக்கும். தாமதித்தால், திரும்பி வந்த ஏடிபியும் ஏறிக்கிடக்கும் கால்சியமும் சேர்ந்து செல்லை உருண்டையாகச் சுருட்டிவிடும். மாரடைப்பில் அடைப்பை நீக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. வெளியே இருந்த அமிலம் ரத்தத்தோடு கழுவப்பட்டதும் புரோட்டான் பரிமாற்றி முழுவேகத்தில் சோடியத்தை உள்ளே கொட்டும், கால்சியம் அதைப் பின்தொடரும். அந்தப் பரிமாற்றியை அடைக்கும் காரிபோரைடு விலங்குகளில் நன்றாக வேலை செய்தது. பைபாஸ் நோயாளிகளிடம் மாரடைப்பைக் குறைத்தாலும், மூளை ரத்தநாளப் பாதிப்பால் இறப்பு கூடியதால் கைவிடப்பட்டது.

அறுவை அரங்கில் நிலைத்தது எளிமையான வேறொரு வழி. அறுவையின்போது இதயத்தை நிறுத்தி வைக்கும் செயின்ட் தாமஸ் கரைசலில் பொட்டாசியம் 16, மக்னீசியம் 16 மில்லிமோலார். குளிரவைத்துச் செலுத்தினால் இதயம் தளர்ந்த நிலையிலேயே நிற்கும், ஏடிபி செலவு வெகுவாகக் குறையும். அதில் கால்சியத்தைச் சுழியாக்காமல் 1.2 வைத்திருக்கிறார்கள். கால்சியமே இல்லாத கரைசலில் கால்சியக் கால்வாய் வழியாகச் சோடியம் நுழைந்து நிறையும். பிறகு கால்சியம் திரும்பியதும், சோடியம்-கால்சியம் பரிமாற்றி அந்தச் சோடியத்துக்கு ஈடாக அதை வாரி இழுத்துச் செல்களைக் கிழித்துவிடும்.