ரெண்டடி மண் அடித்தால் தண்ணீர் எங்கே போகும்?

"ரெண்டடி கிராவல் அடிச்சு ரோடு மட்டத்துக்குத் தூக்கிட்டோம் சார், இனி தண்ணி நிக்காது." கடலூரைச் சுற்றி நஞ்சையாகவோ தரிசாகவோ கிடந்த நிலத்தில் வீடும் கடையும் சேர்ந்த நகர் போட வருகிறவர்கள், வரைபடத்தை விரித்ததும் சொல்வது இதைத்தான். போன வாரமும் ஒருவர் சொன்னார். 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊரில் இதை இன்னும் கேட்க வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ஏக்கரை இரண்டடி உயர்த்த 8,712 யூனிட் மண் வேண்டும் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). மூன்று யூனிட் லாரியில் சுமார் 2,900 நடை; மண் இறுகுவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். அந்த மண் அடைத்துக்கொள்ளும் இடத்தின் கொள்ளளவு கிட்டத்தட்ட இரண்டரைக் கோடி லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் வரப்புக்குள் நின்று மெல்ல வடிந்த தண்ணீரின் இடம் அது. நீங்கள் நிரப்பிவிட்டீர்கள் என்பதற்காக மேற்கிலிருந்து வரும் தண்ணீர் வராமல் இருக்காது. பக்கத்துத் தெருவில் ஏறும். அங்கே இருப்பவர் அடுத்த வருடம் மூன்றடி அடிப்பார். பிறகு சாலையை உயர்த்துவார்கள், உங்கள் மனை மறுபடியும் பள்ளமாகிவிடும். இது போதாதென்று, வயல் தாங்கி நிறுத்திய மழையைத் தாரும் கான்கிரீட்டும் சில நிமிடங்களில் வெளியே தள்ளிவிடுகின்றன. தண்ணீர் நிற்கும் இடமும் போய், ஓடும் தண்ணீரும் கூடிவிடுகிறது.

"எங்க பக்கம் அவ்வளவு மழை இல்லையே" என்பதும் பதிலாகாது. 2024 டிசம்பரில், தென்பெண்ணையின் குறுக்கே மேற்கே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணைக் கரையோர வீடுகளில் புகுந்தது திருவண்ணாமலைப் பக்கத்துத் தண்ணீர்.

மனையை மொத்தமாக உயர்த்தாதீர்கள். கட்டடம் நிற்கும் இடத்தை மட்டும் உயர்த்துங்கள். பக்கத்து ஊரில் பழைய வீடுகளின் சுவரில் வெள்ளக் கறை இன்னும் இருக்கும். அதை பெஞ்ச் மார்க்கோடு (உயரம் தெரிந்த நிலைக்குறியோடு) இணைத்து, ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியில் மட்டம் எடுத்து, தரைத்தளத்தை அதற்கு மேல் குறைந்தது 60 செ.மீ. உயரத்தில் வையுங்கள். முற்றமும் பூங்காவும் பழைய மட்டத்திலேயே இருக்கட்டும். நிலம் முழுக்க 10 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் மட்டம் எடுத்த பிறகுதான் மனைக்கோடு போட வேண்டும். இங்கே பெரும்பாலும் கோடு போட்டு, விளம்பரமும் கொடுத்த பிறகே சர்வேயரைக் கூப்பிடுகிறார்கள்.

சிட்டாவும் வில்லங்கமும் பார்த்தால் போதாது. புல வரைபடத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்ப் பதிவேடு) கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்து பாருங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு மட்டும் இல்லாமல், சுற்றியுள்ள எண்களின் வரைபடங்களையும் ஒட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்து எண்ணில் இரட்டைக் கோடாக வரும் ஓடை உங்கள் எல்லையில் எங்கே நுழைகிறது என்பது அப்போதுதான் தெரியும். "இப்ப அங்க வாய்க்காலே இல்ல சார்" என்பார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது நீர்நிலைப் புறம்போக்குதான், அதாவது அரசு நிலம். பெருமழையில் தண்ணீரும் அந்தத் தடத்தில்தான் வரும். அதன் மேல் சாலை போட்டு அடியில் 600 மி.மீ. குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டு, பாலம் கட்டியாயிற்று என்கிறார்கள். 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள வாய்க்காலுக்கு 3 சதுர மீட்டர் வாய். அந்தக் குழாய்க்கு 0.28. பத்துக் குழாய் போட்டாலும் பற்றாது. அதிலும் ஆகாயத்தாமரையும் பாலித்தீனும் வந்து அடைத்துக்கொள்ளும். வாய்க்காலின் முழு அகலத்துக்குப் பெட்டிப்பாலம் (பெட்டி வடிவக் கான்கிரீட் பாலம்) கட்டுங்கள்.

குளம் வெட்டச் சொன்னால் இடம் வீணாகிறது என்கிறார்கள். அரை ஏக்கரில் 2 மீட்டர் ஆழம் இருந்தால், 10 ஏக்கரில் பெய்யும் 10 செ.மீ. மழை முழுவதும் அதில் அடங்கும், சுமார் 40 லட்சம் லிட்டர். கரைச் சரிவுக்கும் சேர்த்து முக்கால் ஏக்கர் ஒதுக்குங்கள். நிலத்தின் தாழ்ந்த மூலையில் வெட்டி, கலங்கல் (நிரம்பினால் தண்ணீர் வழியும் வாய்) வைத்து, உபரி நீரை ஓடையில் விடுங்கள். தோண்டிய மண் கட்டட மேடைக்கு ஆகும்; களியாக இருந்தால் ஆகாது, சோதித்துப் பார்த்துப் போடுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேலான மனைப்பிரிவில் 10 சதவீதத் திறந்தவெளி எப்படியும் ஒப்படைக்க வேண்டியதுதான். அதை எதற்கும் உதவாத முக்கோணத் துண்டாகத் தள்ளிவிடாமல் குளத்தை ஒட்டிக் கொடுங்கள்.

கழிவுநீர் விஷயத்தில் யாரும் அளந்து பார்ப்பதே இல்லை. கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டராவது வேண்டும். 30க்கு 40 அடி மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 15 மீட்டர்தான். இதில் பக்கத்து வீட்டுக் குழி வேறு. நிலத்தடி நீர் மேலே நிற்கும் கெடிலம், பெண்ணையாற்றுப் பகுதிகளில் மழைக்காலத்தில் அந்தக் குழி உறிஞ்சாது, எதிர்த்து நிற்கும். 200 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாக வரும் என்று வைத்தால் தினமும் சுமார் 86,000 லிட்டர் கழிவுநீர். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு முதல் வரைபடத்திலேயே இடம் விடுங்கள். கீழ்த்தளத்தில் உணவகம் வரும் என்றால் கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் எண்ணெய்ப் பொறி கட்டாயம்.

கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுஞ்சாலை முகப்பில் 'வணிக மனை' என்று பெரிய துண்டாக ஒதுக்கி வைத்தால், விலை ஏறட்டும் என்று வாங்கிப் போடுகிறார்கள், முள் மண்டிக் கிடக்கிறது. தெருமுனைகளில் கீழே கடை, மேலே வீடு என்று சின்னதாகப் பிரியுங்கள். மளிகை, மருந்துக்கடை, மாவு மில் எல்லாம் எந்த வீட்டிலிருந்தும் 400 மீட்டருக்குள் இருந்தால் பாலுக்கும் தயிருக்கும் வண்டி எடுக்க மாட்டார்கள். சரக்கு லாரி திரும்ப இடம் விட மறக்காதீர்கள்.

புதுச்சேரி எல்லை தாண்டினால் நகரமைப்புச் சட்டம் வேறு, அனுமதி அலுவலகம் வேறு. ஆனால் அங்கே இருக்கும் பாகூர் ஏரிக்குத் தண்ணீர், தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. அந்தப் பக்கம் நிலம் பிரிப்பவர்கள் வாய்க்கால் எங்கே போய்ச் சேர்கிறது என்றும் பாருங்கள், தயவுசெய்து.

மனை வாங்குகிறவர்களே, நகர் ஊரமைப்பு அனுமதி எண்ணையும் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் சரிபாருங்கள். அனுமதி இல்லாமல் புதிதாகப் பிரித்த மனையைப் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி பதிய முடியாது. சித்திரை வெயிலில் மனை விற்பவர்கள் அனுப்பும் காரில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். கார்த்திகையில், இரண்டு நாள் மழை விட்ட மறுநாள், நீங்களாகப் போங்கள். அடுத்த தெருவில் யாராவது ஒரு பெரியவரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரைத் தொட்டுக் காட்டுவார்.