ரெண்டு மைக்ரான் கறுப்பு கோட்டிங் எப்படி தேய்மானத்த தாங்குது?

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 6000 ஆர்பிஎம்ல ஓடுறப்ப வால்வ திறக்க வைக்கிற கேம் ஷாஃப்ட் அதுல பாதி, அதாவது 3000ல சுத்தும், அப்போ அந்த ஷாஃப்ட்ல மேடா இருக்குற ஒவ்வொரு கேமும் தனக்குக் கீழ இருந்து வால்வ தள்ளுற டேப்பட்ட செகண்டுக்கு 50 தடவ தேச்சுட்டுப் போகுது, ஒரு மணி நேரத்துல 1,80,000 தடவ. நடுவுல ஆயில் இருக்குதான், ஆனா ஸ்டார்ட் பண்ணினதும், ஸ்லோ ஸ்பீடுலயும் அந்தப் படலம் போதாம ஸ்டீலும் ஸ்டீலும் நேராவே உரசும். அதுக்குத்தான் சில எஞ்சின்ல டேப்பட் மேல டிஎல்சின்னு வைரத்தோட குணம் கொஞ்சம் கலந்த கார்பன் கோட்டிங் போடுறாங்க. கனம் ரெண்டு மூணு மைக்ரான்தான், தலைமுடில இருபதுல ஒரு பங்குன்னு வச்சுக்கங்க.

இது ரொம்ப ஹார்டு, அதான் தேயலன்னு சொல்லிடுவாங்க. பாதிதான் உண்மை. தேய்மானத்த ஆராய்ஞ்ச ஆர்ச்சர்ட் 1953ல கொடுத்த கணக்குப்படி ஹார்ட்னஸ் கூடினா தேய்மானம் குறையும்தான், ஆனா அது மட்டும்னா எதிர்ல இருக்குற பாகத்த இது ராவி எடுத்துடணுமே? அப்படி ஆகறதில்ல. சாதாரணமா ரெண்டு உலோகம் உரசுறப்ப கண்ணுக்குத் தெரியாத மேடுங்க ஒன்னோட ஒன்னு வெல்டு ஆகி, அடுத்த நகர்வுல பிச்சுக்கிட்டு வரும், தேய்மானம் பெருசா ஆரம்பிக்கிறதே அங்கதான். கார்பன் ஸ்டீலோட அப்படி ஒட்டாது. அதோட உரச உரச அந்த மேட்டு நுனியில இருக்குற கார்பன் சூட்டுலயும் அழுத்தத்துலயும் கிராஃபைட் மாதிரி ஆகி, கொஞ்சம் எதிர்பக்கத்துல போய் படிஞ்சுக்கும், அதுக்கப்புறம் உரசுறது கார்பனும் கார்பனும்தான். தன்னையே துளி கொடுத்து மிச்சத்த காப்பாத்திக்குது.

அப்போ பத்து இருபது மைக்ரான் போட்டா இன்னும் நாள் வருமேன்னு தோணும். வராது. கோட்டிங் படியும்போதே அயனி, அதாவது மின்னேற்றம் உள்ள அணுக்கள், மோதி மோதி உள்ளுக்குள்ள அழுத்தம் ஏறி நிக்கும், கனம் கூடக்கூட அதுவே கோட்டிங்க உரிச்சுத் தள்ளிடும். இதோட சாவு பெரும்பாலும் தேஞ்சு இல்ல, உரிஞ்சுதான். அதனாலதான் முதல்ல குரோமியம் மாதிரி ஒரு ஒட்டு அடுக்கு போடுறாங்க, அடியில இருக்குற ஸ்டீலும் கடினமா இருக்கணும், இல்லன்னா மெத்தை மேல கண்ணாடி வச்சு மிதிச்ச கதைதான். உரிஞ்ச துண்டு வேற நடுவுல மாட்டிக்கிட்டு மத்ததையும் கீறும்.

ஆயில் விஷயத்துலதான் வேடிக்க. உராய்வ குறைக்கன்னே சில எஞ்சின் ஆயில்ல போடுற ஒரு மாலிப்டினம் சேர்க்கை, ஹைட்ரஜன் கலந்த டிஎல்சிய ஸ்டீலோட உரசவிட்டா தேய்மானத்த வேகமாக்குதுன்னு லேப்ல பல தடவ பாத்திருக்காங்க. நிஸான் வால்வ் லிஃப்டருக்கு, அதாவது டேப்பட்டுக்கு, எடுத்தது ஹைட்ரஜன் இல்லாத வகை, அதுக்குத் தோதா ஆயிலையும் தனியா பாத்து வச்சாங்க.