‘பொதுப் பணியாளர்’ அல்ல: ‘ஜெனரல் ஸ்டாஃப்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் படைவரலாறு தமிழுக்கு வரும்போதெல்லாம், ‘சீஃப் ஆஃப் தி ஜெனரல் ஸ்டாஃப்’ என்பதற்குப் ‘பொதுப் பணியாளர்களின் தலைவர்’ என்ற தொடரும் கூடவே வந்துவிடுகிறது. ஹெல்முட் ஃபான் மோல்ட்கெ 1857 முதல் 1888 வரை வகித்த பதவிக்கு இப்படி ஒரு பெயர். இதைப் படிப்பவருக்குப் பொதுப்பணித் துறையில் வருகைப் பதிவேடு பார்த்தவர் என்றுதான் தோன்றும். ஆஸ்திரியாவையும் பிரான்சையும் வென்ற போர்த்திட்டங்களை வகுத்தவர் என்று தோன்றவே தோன்றாது.

முதலில் மூலச்சொல். ஜெர்மன் மொழியில் ‘ஷ்டாப்’ என்றால் கோல், தடி. படைத்தலைவர் கையில் பிடிக்கும் அதிகாரக் கோலுக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு தலைவரைச் சூழ்ந்து நின்று வேலை பார்க்கும் அதிகாரிகளுக்கும் அதுவே பெயரானது. ஆங்கிலத்தின் ‘ஸ்டாஃப்’ போனதும் இதே வழிதான். கடை ஊழியர், பள்ளி ஊழியர் என்ற பொருள் கடைசியில் வந்து ஒட்டியது. ‘பணியாளர்’ என்று எழுதுகிறவர்கள் அந்தக் கடைசிப் பொருளை எடுத்துப் போர்க்களத்தில் வைக்கிறார்கள். ‘ஜெனரல்’ என்பதும் ‘பொது’ அல்ல. கோர், டிவிஷன் போன்ற ஒரு படைப்பிரிவோடு நிற்காமல், படை முழுவதற்கும் உரியது என்பதே அதன் பொருள்.

இந்தப் பிழை எங்கே உறுத்துகிறது என்பதை 1866 ஜூலை 2 இரவை வைத்துப் பார்க்கலாம். பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர். ஆஸ்திரியப் படை, இன்று செக் நாட்டில் இருக்கும் கோனிக்ரேட்ஸ் அருகே நிற்பது தெரிந்துவிட்டது. பிரஷ்யாவின் முதல் படையும் எல்பப் படையும் அருகில் இருந்தன. பட்டத்து இளவரசரின் இரண்டாம் படை கோனிகின்ஹோஃபில் விலகி இருந்தது. கிட்சின் என்ற ஊரில் இருந்த மன்னரிடம் ஒப்புதல் பெற்று, இரண்டாம் படை முழுவதும் எதிரியின் வலப்பக்கத்தைத் தாக்க வரவேண்டும் என்று மோல்ட்கெ ஆணை எழுதினார். ஓர் அதிகாரி இருட்டில் குதிரையேறிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இளவரசரும் அவருடைய ‘சீஃப் ஆஃப் ஸ்டாஃப்’ புளூமென்டாலும் காலையிலேயே படையைக் கிளப்பினார்கள். மறுநாள் பிற்பகலில் போரின் போக்கு மாறியது.

இங்கே மூன்று வேலைகள் இருக்கின்றன. ஆணையிடும் உரிமை மன்னருடையது. களத்தில் படையை நடத்துவது இளவரசர், அதாவது தளபதி. எதை, எப்போது, எந்தச் சாலை வழியே செய்வது என்று வகுத்து ஆணையாக எழுதுவது மோல்ட்கெயும் புளூமென்டாலும். ‘இளவரசரின் பணியாளர் தலைவர் புளூமென்டால்’ என்று எழுதினால் அவர் அரண்மனைச் சமையற்கட்டை மேற்பார்த்தவர் ஆகிவிடுகிறார்!

சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து ‘தலைமைத் தளபதி மோல்ட்கெ’ என்கிறார்கள். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதுவும் தவறு. இன்னும் கெடுதலான தவறு என்பேன். மோல்ட்கெ தன் வாழ்நாளில் ஒரு ரெஜிமென்டைக்கூட நடத்தியவரல்லர். 1800-இல் பார்கிமில் பிறந்து, டென்மார்க் படையில் அதிகாரியாகி, 1822-இல் பிரஷ்யப் படைக்கு மாறியவர். அங்கே அவர் செய்தது நில அளவை, வரைபடம், ரயில்பாதை பற்றிய ஆய்வு. ஓட்டோமான் படைக்கு ஆலோசகராகப் போய், 1839-இல் நிசிப் போரில் தன் ஆலோசனை மறுக்கப்பட்டதையும் அந்தப் படை தோற்றதையும் கண்ணால் பார்த்தார். ஆலோசகருக்கும் தளபதிக்கும் உள்ள தூரம் அவருக்கு அங்கேயே தெரிந்திருக்கும். 1866 ஜூனில் மன்னர் ஓர் ஆணை பிறப்பித்த பிறகுதான், போர் அமைச்சகத்தின் வழியாகப் போகாமல் களப்படைகளுக்கு நேரே ஆணை அனுப்பும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அப்போதும் அது மன்னர் பெயரால் போன ஆணைதான். கோனிக்ரேட்ஸ் களத்தில் அப்படி ஓர் ஆணையை வாங்கிய டிவிஷன் தலைவர் மான்ஸ்டைன், “எல்லாம் சரி, இந்த ஜெனரல் மோல்ட்கெ யார்?” என்று கேட்டதாகச் சொல்வார்கள். தலைமைத் தளபதியைப் பற்றி யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

தூய தமிழ் வேண்டுவோர்க்குத் ‘தண்டு’ என்ற சொல் ஆசை காட்டும். கோல் என்றும் படை என்றும் இரு பொருளும் அதற்கு உண்டு. ஷ்டாப் போன வழியிலேயே போன சொல். ஆனால் தண்டநாயகன் என்றால் படைத்தலைவன். பவானிசாகர் அணைக்குள் மூழ்கிய தண்ணாயக்கன் கோட்டையின் பெயரிலும் அந்தத் தலைவன்தான் இருக்கிறான். சுற்றிவந்து மறுபடி தளபதியிடமே போய் நிற்கிறோம்.

பொருளால் மிக நெருங்குவது ‘சூழ்ச்சி’. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று குறள் சொல்லும் சூழ்ச்சி, ஆராய்ந்து முடிவெடுத்தல். மோல்ட்கெயின் வேலையே அதுதான். இருந்தும் இன்று ‘படைச் சூழ்ச்சிக் குழு’ என்று எழுதினால் வாசகர் காதில் சதி என்றுதான் விழும். ஈராயிரம் ஆண்டு பழைய பொருளை வாசகர் தலையில் கட்ட மொழிபெயர்ப்பாளருக்கு உரிமையில்லை. எனக்குத் தூய்மை பிடிக்கும். தெளிவு அதைவிடப் பிடிக்கும்.

ஆகவே ‘படைத்திட்டக் குழு’. அதன் தலைவர் ‘படைத்திட்டத் தலைவர்’, அதிகாரி ‘படைத்திட்ட அதிகாரி’. திட்டம் தீட்டுவதோடு அவர்கள் வேலை முடியவில்லையே, ரயில் அட்டவணையும் உணவு வண்டியும் அவர்கள் பொறுப்புத்தானே என்று கேட்கலாம். உண்மை. 1866-இல் ஐந்து ரயில் பாதைகளில் பிரஷ்யப் படைகளை எல்லைக்குக் கொண்டுவந்தது இந்தக் குழுதான். ஆனால் அந்த அட்டவணையும் திட்டத்தின் உறுப்பே. எந்தப் படை எந்த நாளில் எங்கே இறங்கும் என்பதை விட்டுவிட்டால் மோல்ட்கெயின் திட்டத்தில் பாதி போய்விடும்.

இந்தக் குழப்பம் பழைய பிரஷ்யாவோடு நிற்கவில்லை. நம் செய்திகளில் ‘சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப்’ பதவி ‘முப்படைத் தலைமைத் தளபதி’ ஆகியிருக்கிறது. 2019 டிசம்பரில் அந்தப் பதவியை உருவாக்கியபோதே, மூன்று படைத் தளபதிகள் உட்பட யார் மீதும் அவருக்குப் படை ஆணை அதிகாரம் கிடையாது என்று அரசு தெளிவாகச் சொன்னது. இல்லாத அதிகாரத்தைத் தமிழ்ச் செய்திதான் தூக்கிக் கொடுத்திருக்கிறது. ‘முப்படைத் திட்டத் தலைவர்’ என்றால் போதும். அதே நேரம் ‘சீஃப் ஆஃப் தி ஆர்மி ஸ்டாஃப்’ என்பதைத் ‘தலைமைத் தளபதி’ என்று எழுதுவது சரி. 1955-இல் ‘கமாண்டர் இன் சீஃப்’ என்ற பட்டம் போய் இந்தப் பெயர் வந்தாலும், அவர் படையை நடத்துகிறவர்தான். இரண்டிலும் ‘ஸ்டாஃப்’ இருக்கிறது; வேலை வேறு. மொழிபெயர்ப்பாளர் பார்க்க வேண்டியது வேலையை.

மோல்ட்கெயும் மொழிபெயர்த்தவர்தான். குதிரை வாங்கப் பணம் வேண்டி, ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றி ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன் எழுதிய 12 தொகுதிகளில் ஒன்பதை ஜெர்மனாக்கினார், அது அச்சேறவில்லை.

இன்னொன்று. 1906 முதல் 1914 வரை இதே பதவியில் இருந்தவர் அவருடைய தம்பி மகன். பெயரும் அதே ஹெல்முட் ஃபான் மோல்ட்கெ. முதல் உலகப் போரின் 1914 மார்ன் போர் பற்றி எழுதும்போது ‘இளைய மோல்ட்கெ’ என்று சேர்க்காவிட்டால், 1891-இல் இறந்தவர் மறுபடி போருக்கு வந்துவிடுவார்.