கரண்ட் வைத்துப் பல வருடம் கழித்துச் சிறுநீரில் இரத்தம் போகிறதா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக் குணமான பெண்கள் சிலர், ஐந்து வருடம், பத்து வருடம் கழித்துச் சிறுநீரில் இரத்தம் போகிறது என்று வருவார்கள். இரத்தம் கட்டி கட்டியாக உறைந்து சிறுநீரை அடைத்துக்கொள்ளும். டியூப் போட்டு, இரவு முழுக்க சலைன் ஏற்றிக் கழுவ வேண்டியிருக்கும். "நோய் திரும்பிடுச்சா டாக்டர்?" என்பதுதான் முதல் கேள்வி. அதைத்தான் முதலில் பார்க்கிறோம். நோய் இல்லையென்றால் பெரும்பாலும் காரணம் அன்று வைத்த கரண்ட்தான். சிறுநீர்ப்பையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கி, சவ்வுக்கு ஆக்சிஜன் போதாமல் புண்ணாகிவிடுகிறது.

இதற்கு உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை இருக்கிறது. மூடிய அறைக்குள் இரண்டு மடங்குக்கும் கூடுதலான காற்றழுத்தத்தில், தினம் ஒன்றரை மணி நேரம் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வேண்டும். புதிய நுண்குழாய்கள் முளைக்க 30 முதல் 40 தடவை தேவைப்படும். நார்டிக் நாடுகளில் நடந்து 2019-ல் வெளியான 'ரிச்-ஆர்ட்' ஆய்வில், சிறுநீர்ப்பைத் தொந்தரவு இதனால் நன்றாகவே குறைந்தது.

ஆனால் யாருக்கு இது கிடைக்கிறது? சென்னையில் இருப்பவர் காலையில் போய் மதியம் வீடு திரும்பலாம். ராமநாதபுரம் பக்கத்துப் பெண்ணுக்கோ வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு முதல் எட்டு வாரம், வாடகை அறை, கூடத் துணைக்கு ஒருவர், அவருடைய கூலி இழப்பு. 'இவர்களால் எங்கே போக முடியும்' என்று டாக்டரே முடிவு செய்து, சொல்லாமலே விட்டுவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போவதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும். இரத்தம் பலமுறை ஏற்றிய பிறகு கடைசி வழியாக அனுப்புவதைவிட, ஆரம்பத்திலேயே அனுப்புவது நல்லது.

எல்லாவற்றுக்கும் அனுப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. தாடையில் கரண்ட் வைத்தவர்களுக்குப் பல் பிடுங்கும்போது எலும்பு அழுகாமல் இது தடுக்கும் என்று பல காலம் நம்பினோம். பிரிட்டனின் 'ஹோபான்' ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை.

போவதென்றால் கரண்ட் வைத்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டு போங்கள். காதும் நுரையீரலும் முதலில் பரிசோதிக்கப்படும். ஆக்சிஜன் அறையில் தீ அபாயம் அதிகம். அதனால் தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. நைலக்ஸ், பாலியஸ்டர் சேலை கூடாது. பருத்தித் துணி மட்டுமே.